சீட்டு நோட்டும் பொருளாதாரப் பட்டமும்

மான்செஸ்டர்



போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். இந்த ஆண்டுதான் பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்திருக்கிறாள். "மாமா, நாலு வாரமா கோடு போட்டுக்கிட்டே இருக்கோம். தேவைக் கோடு இறங்குது, அளிப்புக் கோடு ஏறுது. பரீட்சைக்கு இது போதும்ங்கிறாங்க. இதுக்கா நான் சேர்ந்தேன்?" என்றாள். போனில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இந்த மாத மடலை அவளுக்கும், அவளைப் போல இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

நானும் காக்ஸ் டவுனில் வளர்ந்து, பெங்களூரிலேயே பொருளாதாரம் படித்தவன். எங்கள் வீட்டில் அம்மா ஏலச்சீட்டு நடத்தினார். இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய், இருபது மாதம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை எல்லாரும் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று அவசரம் உள்ளவர் நாலாயிரம் தள்ளி, பதினாறாயிரத்துக்குச் சீட்டை எடுப்பார். தள்ளிய நாலாயிரம் இருபது பேருக்கும் பங்காகும். அந்த மாதம் ஆளுக்கு எண்ணூறு கட்டினால் போதும். அவசரம் இல்லாதவர் கடைசி வரை காத்திருந்து லாபம் பார்ப்பார். இன்றைய பணத்துக்கும் நாளைய பணத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எங்கள் கூடத்தில் மாதாமாதம் விலை போட்டார்கள். கல்லூரியில் மூன்று ஆண்டு வட்டிக் கோட்பாடு படித்தேன். அம்மாவின் நோட்டில் இருந்ததும் அதுதான் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் பட்டம் வாங்கி வெகுநாள் கழித்துத்தான் உணர்ந்தேன்.

இப்போது நான் இருக்கும் மான்செஸ்டரின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறை இருக்கும் கட்டடத்துக்கு ஆர்தர் லூயிஸ் பெயர். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் 1915-ல் பிறந்தவர். பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். கறுப்பருக்கு அந்த வேலை கிடைக்காது என்பதால் வேறு பக்கம் திரும்பினார். 1948-ல் மான்செஸ்டருக்குப் பேராசிரியராக வந்தார். நகரத்துத் தொழில்கள் பெருகிய பிறகும் கூலி ஏன் உயராமல் நிற்கிறது என்ற கேள்வி அவரை வெகுகாலம் வாட்டியது. 1952 ஆகஸ்டில் பாங்காக்கில் ஒரு சாலையில் நடந்துகொண்டிருந்தபோது விடை பிடிபட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கிராமத்தில் உபரியாக இருக்கும் உழைப்பாளிகள் வந்துகொண்டே இருக்கும்வரை கூலி ஏறாது என்பதே அந்த விடை. 1954-ல் அது கட்டுரையாக வந்தது. 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. 1809-ல் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைந்தபோது பட்டாளத்தின் பின்னால் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் கூட்டமாக வந்தார்கள்; சமையல், கட்டட வேலை, கடை, தையல் என்று பிழைத்தார்கள். காக்ஸ் டவுனில் இன்றும் தமிழ் கேட்பதற்குக் காரணம் அந்தப் பிழைப்புதான்.

தெருவிலிருந்து பாடம் தொடங்கும் வழி நம்மிடமே இருந்தது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தார். பாடப் புத்தகத்தோடு நிறுத்தாமல், மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று கேட்டு எழுதி வந்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து 1918-ல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் ஒன்று உருவானது. அதிலுள்ள இருவேல்பட்டு இன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஊர். 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த நூலின் கிராமங்களை மறுபடி ஆய்வு செய்தார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களில் எஸ். குகன் போனார், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். நிலமும் கூலியும் சாதி உறவும் எப்படி மாறின என்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு நம்மால் பார்க்க முடிகிறது. அதற்கு அடித்தளம் பட்டப்படிப்புப் பிள்ளைகளின் நோட்டு.

பாடம் உலகத்தைப் பார்க்கிறதா என்ற கேள்வி இங்கேயும் எழுந்தது. 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தது. அந்த நவம்பரில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு வந்த எலிசபெத் மகாராணி, இது வரப்போவதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். 2012-ல் மான்செஸ்டர் இளநிலை மாணவர்களே ஒரு சங்கம் தொடங்கி, ஒரே வகைக் கோட்பாட்டை மட்டும் சொல்லித்தராதீர்கள், உலகத்தோடு சேர்த்துச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டார்கள். அக்கா மகள் கேட்டதும் அதே கேள்விதான்.

அதற்காகக் கணக்கை விட்டுவிடச் சொல்லவில்லை, கண்ணு. நுண்கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் இந்தப் படிப்பில் தூரம் போக முடியாது. மூன்று கடையில் கேட்ட விலையை ஊர் முழுதின் விலை என்று நம்பிவிடாமல் உன்னைக் காப்பது புள்ளியியல்தான். ஆனால் எண்ணுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

ஆகவே இந்தச் சனிக்கிழமை காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போ. ஒரே மூன்று கடையில் தக்காளி விலையைக் கேட்டுத் தேதியோடு எழுது. செமஸ்டர் முடியும்வரை வாரம் தவறாமல் எழுது. மழை பெய்தால் என்ன ஆகிறது, கோலார் மண்டியில் வரத்து குறைந்தால் என்ன ஆகிறது என்று பார். கடைக்கார அம்மா காலையில் சரக்கெடுக்க யாரிடம் பணம் வாங்குகிறார், சாயங்காலம் எவ்வளவு சேர்த்துத் திருப்புகிறார் என்று பக்குவமாகக் கேள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடு. பிறகு வகுப்பில் அந்தக் கோட்டைப் போடு. அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று உனக்கே தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பொருளாதாரம் எடுத்தால், "என்ன வேலை கிடைக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக் கணக்கையும் சீட்டு நோட்டையும் கடன் விவரத்தையும் அவர்கள் முன் திறந்து வையுங்கள். அவர்களுடைய முதல் பாடப் புத்தகம் அதுதான்.