சட்டை மாற்றிய சிட்டு

சென்ற தை மாதம் என் இளைய மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. பதிமூன்று வயது. பொருக்கு உதிரும் வரை ஜன்னலோரக் கட்டில்தான். வேப்பிலை, இளநீர், டாக்டர் சொன்ன பாரசிட்டமால். (அம்மையின்போது பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் தரவே கூடாதாம். தாய்மார்கள் நினைவில் வையுங்கள்.) காய்ச்சல் விட்டதும் முகத்தைப் பற்றிய கவலை அவளைப் பிடித்துக்கொண்டது. "கண்ணாடியை எடுத்துடும்மா" என்றாள். எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

அப்போதுதான் கொல்லைச் செம்பருத்திக்கு அந்தக் குருவி வந்தது. கள்ளக்குறிச்சியில் தேன்சிட்டு புதிதல்ல. ஆனால் இது இரண்டுங்கெட்டான். வயிறு மஞ்சள், தொண்டையிலிருந்து கீழே மைக்கோடு இழுத்தது போல் கறுப்பு, தோளில் நீல மினுமினுப்பு, முதுகில் அங்கங்கே திட்டு. "அதுக்கும் அம்மை போட்டிருக்கும்மா" என்று சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு.

சென்னையில் படிக்கும் மகனிடம் போனில் சொன்னோம். "ஹம்மிங்பேர்டு, அதிலும் கலப்பினம்" என்று அடித்துச் சொன்னான். பெரிய படிப்பு! அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அங்கே கலிபோர்னியாவில் அன்னா, கோஸ்டா என்ற இரண்டு வகை கலந்து குஞ்சு பொரிப்பதுண்டாம். தொண்டை நிறம், வால் இறகு பார்த்துக் கண்டுபிடிக்கிறார்களாம். இவளும் விடவில்லை. நோட்டில் அலகு, தொண்டை, வால் என்று எழுத ஆரம்பித்தாள். எங்கள் கொல்லைக்கு வரும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுக்கும் வயிறு மஞ்சள்தான். அதுவும் ஊதாத் தேன்சிட்டும் கலந்ததோ என்று சந்தேகம். ஆனால் அந்த ஆணுக்குக் கழுத்தின் கீழே அரக்கு நிறப் பட்டை உண்டு, இதற்கு இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவரும் அம்மா வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "கலப்புமில்ல ஒண்ணுமில்ல தாயி. மழைக்குச் சட்டையைக் கழட்டிடும், தை பொறந்தா போட்டுக்கும்" என்றார்.

பக்கத்துத் தெரு ஆசிரியர் கொடுத்த சலீம் அலியின் புத்தகமும் (1941-ல் முதலில் வந்தது) அதையேதான் சொன்னது. ஊதாத் தேன்சிட்டின் ஆண், குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் கருநீலத்தை இழந்து பெட்டையைப் போலாகிவிடும்; நடுக்கோடு மட்டும் மிஞ்சும். பிறகு இறகு புதிதாக முளைக்கும்போதுதான் இந்தத் திட்டுத்திட்டான கோலம்.

சிட்டு ஜன்னல் கதவில் தெரிந்த தன் நிழலைக் கொத்துவதைப் பார்த்தவள், "அந்தக் கண்ணாடியை வெளியே மாட்டும்மா, கிட்டத்துல பார்க்கலாம்" என்றாள். மாட்டினேன். எதிரியென்று நினைத்து அது போட்ட சண்டை! களைத்துவிடுமே என்று மத்தியானத்தில் துணி போட்டு மூடுவேன்.

மாசி பிறந்து சிட்டு முழுக்கக் கருநீலமானபோது இவள் கன்னத்தில் நாலைந்து தழும்பு மிச்சம். பள்ளிக்கூடம் கிளம்பிய அன்று கொல்லையில் அந்தக் கண்ணாடி முன் நின்றுதான் தலை வாரினாள். குருவி எச்சத்தை நான்தான் துடைத்துக் கொடுத்தேன்.