லோடு இல்லாமல் ஒரு தடவை

புணேயில் நான் சாமான் வாங்கும் மளிகைக் கடையில், ஏகாதசி நெருங்கினால் ஜவ்வரிசி மூட்டைகள் வாசலுக்கே வந்துவிடும். இங்கே விரதம் என்றால் ஜவ்வரிசிக் கிச்சடிதான். மூட்டையின் கீழ் ஓரத்தில் 'சேலம்' என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடாது. இந்த மூட்டைகளை 25 வருடம் லாரியில் ஏற்றி வந்து மகாராஷ்டிரா ஊர்களில் இறக்கியவர் என் அப்பா.

எங்கள் வீடு அஸ்தம்பட்டியில், ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு ரோட்டில் போய் உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். மாதத்தில் நாலைந்து நாள்தான் அப்பா வீட்டில் இருப்பார். அந்த நாட்களில் சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வந்து, மாடியில் பாய் விரித்து, பழைய டிரிப் நோட்டு ஒன்றைத் திறப்பார். முன்பக்கம் முழுக்க டீசல், டோல், கிளீனர் படி. நோட்டைத் திருப்பிப் போட்டால் கடைசிப் பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு.

“லோடு இல்லாம ஒரு தடவை போகணும் பாப்பா.”

ஓமலூர், மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால், மைசூர், குண்டல்பேட்டை, முத்தங்கா, சுல்தான் பத்தேரி, வைத்திரி, லக்கிடி. திரும்பும்போது கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம், பவானி, சங்ககிரி. மூன்று மாநிலம், ஐந்து நாள். ஒவ்வொரு ஊருக்கும் நேராக எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எதற்காக நிற்க வேண்டும் என்று எழுதியிருப்பார். சங்ககிரிக்கு மட்டும் நேரம் போடவில்லை. அங்கே பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் அவரைச் சீக்கிரம் விடமாட்டார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்தவை யாரோ சொல்லி எழுதிய இடங்கள் அல்ல. மகாராஷ்டிரா லைனுக்கு முன்னால் சில வருடம் நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு மைசூருக்கும் வயநாட்டுக்கும் ஓடியிருக்கிறார். முட்டை லோடு காத்திருக்காது. விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். மைசூர் போகும் வழியில் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறார். “எதிர்ல வர்ற வண்டியோட லைட்டைத்தான் பார்த்திருக்கேன், மலையப் பார்த்ததில்ல” என்பார். பந்திப்பூர் காட்டு ரோட்டை 2009-லிருந்து இரவு 9 மணிக்கு மேல் மூடிவிடுகிறார்கள். அவர் காலத்தில் ராத்திரி முழுக்க லாரி போகும். ஹெட்லைட் வெளிச்சத்தில் யானை நின்றால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்து, அது நகர்ந்ததும் போவார்களாம். நிறுத்தாமல் கடந்துபோன இடங்களையெல்லாம் ஒரு மனிதர் எழுதி வைத்திருந்தார். அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

அந்த வழியை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் காலையில் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டம். சேலத்துக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். 120 அடி தொட்டால் பதினாறு கண் மதகைப் பார்க்க ஊரே கிளம்பும். நன்றாக வற்றினால் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரியும், ஒரு மாதா கோயில் கோபுரமும் தெரியும். 1934-ல் அணை கட்டி முடித்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அவை. மேட்டூருக்கு வரும் காவிரி அதற்கு மேலே சிவசமுத்திரத்தில் அருவியாக விழுந்து வருகிறது. அதற்கும் மேலே கபினி வந்து கலக்கிறது. கபினிக்குத் தண்ணீர் வயநாட்டு மழை. அப்பா வரைபடத்தில் விரலை வைத்து மேட்டூரிலிருந்து மேல்நோக்கி இழுத்துக்கொண்டே போவார். “நம்ம குழாயில வர்ற தண்ணி எங்க மழையா விழுதோ, அங்க வரைக்கும் போறோம்.”

ஆனால் கிளம்ப முடியவில்லை. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொளத்தூர் தாண்டிப் போகும் ரோடு எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு மூடிய கதவு மாதிரி ஆகிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் போனார்கள், வேண்டிக்கொண்டுதான் போனார்கள். 2000-ல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி வைத்திருந்த அந்த 108 நாளில் கர்நாடகா பக்கம் லாரி எடுக்கவே டிரைவர்கள் யோசித்தார்கள். “ஏங்க, சாமி பார்க்கப் போற வழியில உசுரக் கையில புடிச்சிக்கிட்டுப் போகணுமா?” என்று அம்மா கேட்டால் அப்பாவிடம் பதில் இருக்காது. நோட்டில் பாலாறு என்ற சொல்லை அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. சில நாள் கழித்து நோட்டைப் பார்த்தபோது அந்தக் கேள்விக்குறியை அடித்திருந்தார்.

2006 மே மாதம் மாமாவின் அம்பாசிடரில் கிளம்பினோம். விடிகாலை 5 மணி, பின்சீட்டில் ஒரு கூடை மல்கோவா. மாதேஸ்வரன் மலைக்குப் போகிறோம் என்பதால் மேட்டூர் மீன் வறுவலை அம்மா தொடவிடவில்லை, இன்னொரு நாள் வந்து சாப்பிடலாம் என்றாள். அணையில் அன்று தண்ணீர் நிறைய இருந்தது, நந்தி தெரியவில்லை. பாலாறு பாலத்தில் அப்பா வேகத்தைக் குறைத்தார், பேசவில்லை. மலையில் ஏறும்போது பாடம் ஆரம்பித்தது: ஏறின கியரிலேயே இறங்கணும், காட்டுக்குள்ள நிறுத்தக் கூடாது, பசி வர்றதுக்கு முன்னாடியே சாப்பிட நிறுத்தணும். இன்று வரை நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

சிவசமுத்திரத்தில் பாரசுக்கி அருவி. கோடை என்பதால் பாறைதான் அதிகம், நடுநடுவே வெள்ளைக் கோடுகளாகத் தண்ணீர். இங்கே 1902-லேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள் என்று ஒருவர் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். நோட்டில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தது. இரண்டு மணி நேரம் தூங்கினார். தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்திருக்குமோ, டீசல் டேங்கில் யாராவது கை வைத்திருப்பார்களோ என்ற நினைப்பில்லாமல் அவர் தூங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அம்மா மாம்பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு எழுப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மைசூரில் அரண்மனை விளக்குகளைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது போன் வந்தது. ஆத்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சாமான்களைக் கட்டிக்கொண்டு அன்று இரவே புறப்பட்டோம். சாம்ராஜ்நகர், ஹாசனூர், திம்பம். அந்த 27 வளைவுகளையும் அப்பா மறுபடியும் ராத்திரியில்தான் இறங்கினார், எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு.

நோட்டில் மைசூருக்கு அப்பால் இருந்தது எதுவும் நடக்கவில்லை. ஆத்தா இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். பிறகு என் கல்யாணம், புணே. போனில் பேசும்போதெல்லாம் அப்பா “எடக்கல் குகைக்கு மேல ஏறணும், எனக்கு முட்டி வலி வர்றதுக்குள்ள போயிடணும்” என்பார். லக்கிடியில் சங்கிலி கட்டிய ஒரு மரம் இருக்கிறது. தாமரச்சேரி மலைக்கு வழி காட்டிய கரிந்தண்டன் என்ற ஆதிவாசியை வெள்ளைக்காரன் கொன்றுவிட்டான், அவன் ஆவியை அந்த மரத்தில் கட்டியிருக்கிறது என்று கதை. வழி காட்டியவனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தார், பத்து நிமிடம். 2016-ல் அப்பா போய்விட்டார். அஸ்தம்பட்டி வீடும் பிறகு கை மாறியது. மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பியிருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். மலை இன்னும் நன்றாகத் தெரியும்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. கடைசியில் பென்சிலில் சேர்த்த ஒரு வரி: சூச்சிப்பாறை அருவி, மேப்பாடி தாண்டி, அரை நாள். அருவிக்குப் பக்கத்து ஊர் சூரல்மலை. 2024 ஜூலை 30 விடியும் முன் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து 200-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே நாளில் மேட்டூர் அணை 120 அடி நிரம்பியது. இரண்டு செய்தியையும் ஒரே போனில் படித்தேன். மறுநாள் காலை பேப்பரை வைத்துக்கொண்டு அப்பா மாடியில் உட்கார்ந்திருந்தால் வெகுநேரம் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இன்றும் தெருவுக்கு ஒரு லாரி டிரைவராவது இருப்பார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், அவர் நிறுத்தாமல் போன இடங்கள் எவை என்று இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து நீங்கள் ஓட்டுங்கள். திம்பத்தைப் பகலில் கடக்கிற மாதிரி கிளம்புங்கள்.