எண்ணூறுக்கு முந்திய முரளி

முத்தையா முரளிதரன் என்றால் இன்று எல்லாருக்கும் 800 என்ற எண்தான் நினைவுக்கு வரும். 133 டெஸ்ட், 800 விக்கெட். என் நினைவில் நிற்பதோ, விக்கெட் போதாமல் தோற்றுப்போகிற முரளி. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பெடியன்களின் காற்சட்டைப் பையில் மடங்கிக் கசங்கிக் கிடந்த ட்ரம்ப் கார்ட் முரளி.

அந்தக் கட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்ததே ஒரு கதை. பொருளாதாரத் தடைக் காலம். கொழும்பிலிருந்து வருகிற எதுவும் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்துதான் வரவேண்டும். சவர்க்காரத்துக்கும் மருந்துக்கும் நடுவே யாரோ ஒரு மாமா மருமகனுக்காக ஒரு கட்டு கிரிக்கெட் கார்ட் கொண்டுவந்தார். ஒவ்வொரு கார்டிலும் ஒரு வீரரின் படம். கீழே ஆடிய ஆட்டங்கள், ஓட்டங்கள், எடுத்த விக்கெட்டுகள். கையிலுள்ளதில் எது பெரிதோ அதைச் சொல்லி வெட்டவேண்டும். கபில்தேவ் கிடைத்தவன் ராசா. "விக்கெட் 434" என்று அவன் சொன்னால் ஹாட்லியின் 431 கூட விழுந்துவிடும். முரளி கிடைத்தவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஓட்டமும் இல்லை, விக்கெட்டும் இல்லை. ஆனாலும் ஒருவரும் முரளியைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கமாட்டார்கள்.

"மச்சான், முரளியைத் தா, ரெண்டு அவுஸ்திரேலியாக்காரரைத் தாறன்."

"ஏலாது போடா."

அந்த "ஏலாது"வுக்குக் காரணம் சொல்ல எங்களுக்குத் தெரியாது. கார்டில் இருந்தது ஒரு தமிழ்ப் பெயர். அவ்வளவுதான்.

நாங்கள் வடக்கு, அவர் மலைநாடு. கண்டிப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பெடியனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 1992 ஓகஸ்டில் கெத்தாராமவில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட்; முதல் விக்கெட் கிரெய்க் மெக்டெர்மட். இதெல்லாம் பின்னாளில் வாசித்தறிந்தது. அப்போது அறிந்ததெல்லாம், மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு போடுகிற ஒருவர் என்பதுதான். ரெனிஸ் பந்தை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் கண்ணைப் பிதுக்கினோம். பந்து மட்டும் திரும்பவில்லை.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் அசையமுடியாத சனம். எங்கள் வீடுகள் பூட்டியபடி பின்னால் நின்றன. கொடிகாமத்தில் ஒரு வளவில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். அந்த வருடம் டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹேர், முரளியின் பந்தை எறிபந்து என்று ஏழுதரம் நோபோல் சொன்னார். செய்தி எங்களிடம் பிந்தித்தான் வந்தது. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அது என்று அப்போது எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. அகதியாய்க் கிடந்த சனத்துக்கு அந்த விளக்கம் தேவைப்படவும் இல்லை. பெரியவர்கள் "எங்கடையாள் எண்டபடியால்தான்" என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதினார்கள்.

1996 மார்ச் 17, லாகூர், உலகக்கிண்ண இறுதியாட்டம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, கையால் பெடலைச் சுற்றினால் வானொலி பேசும். கை ஓய்ந்தால் வானொலியும் ஓயும். முறைவைத்துச் சுற்றினோம். ஷேன் வார்ன், முரளியின் பந்துக்கு இறங்கி வந்து களுவிதாரணவிடம் ஸ்ரம்ப் ஆனபோது, சுற்றிக்கொண்டிருந்தவன் துள்ளி எழுந்துவிட்டான். வானொலி அணைந்தது. அடுத்த பந்துகளுக்கு என்ன நடந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு விழுந்த அடி மட்டும் தெரியும்.

அரவிந்த டி சில்வா 107 அடித்து இலங்கை வென்றது. நாங்கள் கைதட்டினோமா? தட்டினோம். தட்டிய கையோடு ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் ஊரில் அந்தக் கொடியோடு இராணுவம் நின்றது. எங்கள் பையிலிருந்த கார்டிலும் அதே கொடிதான். பதினைந்து வயதுக்குள் இந்தக் கணக்கு தீராது. எனக்கு இன்றும் தீரவில்லை. 2020 இல் முரளியின் வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலக நேர்ந்தபோது, ஜேர்மனியிலிருந்த எங்கள் வீடுகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. இரண்டு பக்கமும் பேசியவர்கள் முன்னொரு காலம் ஒரே கட்டில் கார்ட் விளையாடியவர்கள்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நான் வந்து சேர்ந்தது ஜேர்மனியின் பீலெஃபெல்ட். மலைமேல் ஸ்பாரன்பூர்க் கோட்டையும், கீழே வேலைக்குப் போகும் டிராமுமாய் ஒரு நடுத்தர நகரம். பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் படை முகாமிட்டிருந்தும் கிரிக்கெட் என்றால் இங்கே பலருக்கு என்னவென்றே தெரியாது. வேலையிடத்தில் ஒரு முதியவர், அர்மினியா பீலெஃபெல்ட் உதைபந்தாட்ட அணியின் பழைய பக்தர். ஒருநாள் தன் பனினி ஸ்ரிக்கர் அல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். 1979 மார்ச்சில் மியூனிக்கிலேயே பயர்ன் அணியை 4-0 என்று அடித்த அர்மினியா, அந்தப் பருவ முடிவிலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய கதையை அவர் சொன்னபோது, தோற்கிற கார்டைக் கைவிடாத மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்று பட்டது. அவரிடம் அல்பம் இருந்தது. என்னிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. என் முரளி கொடிகாமத்திலோ, பின்னர் வன்னிக்குப் போன வழியிலோ எங்கேயோ விழுந்துபோனார்.

முரளி மட்டும் நிற்கவில்லை. 1998 இல் ஓவலில் ஒரே ஆட்டத்தில் 16 விக்கெட். 2007 டிசம்பரில் கண்டியில் கொலிங்வூட்டை வீழ்த்தி வார்னின் 708ஐத் தாண்டினார். 2010 ஜூலை 22, காலி: பிரக்யான் ஓஜா அடித்ததை மஹேல பிடிக்க 800. அவர் டெஸ்டில் வீசிய கடைசிப் பந்து அது. பீலெஃபெல்டில் வேலை இடைவேளையில் கைத்தொலைபேசியில் எண் மாறியதைப் பார்த்தேன். பெடல் சுற்ற ஒருவரும் தேவைப்படவில்லை. துள்ளி எழவும் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அமெரிக்கரின் பேஸ்போலில் சை யங் என்ற பந்தெறிஞர் 511 ஆட்டங்களை வென்றவர். முரளியின் 800 போல அதையும் இனி யாரும் நெருங்கப்போவதில்லை. 1909க்கும் 1911க்கும் இடையில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த, அவர் போன்ற வீரர்களின் கார்டுகளுக்கு இன்று ஏல மண்டபங்களில் பெரும் விலை. அதே வரிசையிலிருந்த ஹோனஸ் வாக்னரின் கார்ட் ஒன்று 2022 இல் 72.5 இலட்சம் டொலருக்குப் போனது. சேகரிப்பவர்கள் ஒரு வீரரின் முதல் வருடக் கார்டைத்தான் தேடுவார்களாம். பேரும் எண்ணும் சேராத காலத்துக் கார்ட். அந்தக் கணக்கில் எங்கள் ஒழுங்கை முழுக்கப் பணக்காரர்.

பீலெஃபெல்டைப் பற்றி ஒரு பகிடி உண்டு: அப்படியொரு ஊரே இல்லை என்பது. 1994 இல் ஒரு மாணவர் விளையாட்டாய்த் தொடக்கிவிட்டது. 2019 இல் நகரசபையே, ஊர் இல்லை என்று நிரூபிப்பவருக்குப் பத்து இலட்சம் யூரோ என்று அறிவித்தது, ஒருவராலும் முடியவில்லை. எங்கள் நிலை மறுவளம். டைனமோ வானொலியும் கடலேரி கடந்த கார்ட் கட்டும் இருந்தன என்று நாங்கள்தான் நிரூபிக்கவேண்டும். ஜேர்மனியில் பிறந்த என் பிள்ளைக்கு இது கட்டுக்கதை போலத்தான் கேட்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சூட்கேசின் அடியில் பேப்பர்ப் படங்களை ஒட்டிய பழைய கொப்பியோ, ஓரம் தேய்ந்த ஒரு கார்டோ, பள்ளிக்கூடப் பெரும்போட்டியின் நினைவு மலரோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஸ்கான் செய்யுங்கள், யாருடையது, எந்த ஊரில், எந்த வருடம் என்று இரண்டு வரி எழுதுங்கள், ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். முரளியின் 800ஐப் பாதுகாக்க எத்தனையோ புத்தகங்கள் உண்டு. அதற்கு முந்திய முரளியைப் பாதுகாக்க நாங்கள் மட்டும்தான்.