நாலு மணி டிகாஷன்

தஞ்சாவூரில் எங்கள் தெருமுனையில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை ஒன்று இருந்தது. கால் கிலோ பீபெரி, நூற்றுக்கு இருபது சிக்கரி என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். மெஷின் ஓடி நின்றதும் பொட்டலத்தைக் கையில் தருவார்கள். சூடு அடங்கியிருக்காது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வருவேன்.

மூன்றரை மணிக்கு அம்மா பித்தளை ஃபில்டரில் பொடியை நிரப்பி, குடைத்தட்டால் அழுத்தி, தளதளவென்று கொதிக்கும் வெந்நீரை ஊற்றுவாள். நான் மூடியைத் தூக்கி முகர்ந்தால், "திறக்காதேடி, மணமெல்லாம் போயிடும்" என்று அடுக்களைக்குள்ளிருந்து அதட்டல் வரும். நாலு மணிக்கு டபரா டம்ளரில் கள்ளிச்சொட்டாய்க் காபி.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. மருத்துவர் காபியை விடச் சொன்னார். விட்டேன். படபடப்பு அடங்கியது, இரவில் தூக்கமும் வந்தது. ஆனால் நாலு மணி அடித்தால் கை தானாக ஃபில்டர் இருக்கும் அலமாரிப் பக்கம் போகும். சுக்குக் காபிக்கு அதன் பெருமை உண்டு. இருமலுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. இருந்தும் அது காபியின் இடத்தில் வந்து உட்காரவில்லை. காபியின் சுறுசுறுப்புக்காக நான் ஒருநாளும் ஏங்கியதில்லை. அந்தக் கசப்புக்கும் மணத்துக்கும்தான் ஏங்கினேன்.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காஃபின் நீக்கிய இன்ஸ்டன்ட் தூள் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். கருகல் வாடைதான் மிஞ்சியது. காஃபின் போனால் சுவையும் போய்விடும் என்று முடிவு கட்டினேன். தவறான முடிவு. காபியின் கசப்பில் காஃபினுக்குச் சிறு பங்குதான். மற்றதெல்லாம் வறுப்பில் பிறப்பது. கொட்டை மட்டமாக இருந்தாலோ, நீக்கும் முறை முரடாக இருந்தாலோதான் சுவை சாகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரேமன் நகரத்து வணிகர் லூட்விக் ரோசெலியுஸ், கொட்டையை உப்புநீரில் பதப்படுத்திப் பென்சீனால் காஃபினைப் பிரித்தார். புற்றுநோய் தரும் பென்சீனைப் பின்னாளில் எல்லாரும் கைவிட்டார்கள்.

போன வருஷம் வான்கூவரிலிருந்து வந்த அக்கா மகன் அரைக் கிலோ கொட்டை கொண்டுவந்தான். "சித்தி, இது தண்ணியிலேயே காஃபின் எடுத்தது" என்றான். அந்த முறையை அவன் விளக்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. காபியின் சாரம் முழுதும் ஏறி, காஃபின் மட்டும் இல்லாத நீரில் பச்சைக்கொட்டையை ஊறவைக்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கு இலை போட்டால் என்ன எடுத்துக்கொள்வான்? சுவையெல்லாம் அந்த நீரில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கொட்டையின் சுவை கொட்டையிலேயே தங்கிவிடுகிறது. காஃபின் ஒன்றுதான் வெளியேறுகிறது. அதைக் கரி வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. ஒரு கசப்பைக் காப்பாற்ற மனிதர்கள் இவ்வளவு பொறுமையாக மெனக்கெட்டிருக்கிறார்கள்!

அம்மாவின் ஃபில்டரைப் புளிபோட்டுத் துலக்கினேன். சிக்கரி வெறும் வேர். அதில் காஃபின் கிடையாது என்பதால் பழைய கணக்குப்படியே கலந்தேன். டிகாஷன் இறங்கும்போது மூடியைத் திறந்து முகர்ந்தேன். அதட்ட ஆளில்லை. முதல் வாயில் கசப்பு வந்தது. பின்னாலேயே பீபெரியை நினைவூட்டும் ஒரு மெல்லிய இனிப்பு. கொஞ்சம் கனம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது காபி.

அதற்குப் பிறகு என் ஏக்கம் குறையவில்லை, இடம் மாறியது. குடகிலும் சிக்மகளூரிலும் ஏற்காட்டிலும் விளையும் நம் கொட்டையை இதே பக்குவத்தில் காஃபின் நீக்கி, எங்கள் தெருமுனைக் கடையில் என் கண்ணெதிரே வறுத்து, சூடான பொட்டலமாக வாங்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

டப்பாவில் இன்னும் ஆறு ஸ்பூன் பொடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிறாள். மூன்றரைக்கே வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.