செங்கடலும் சேற்றுக்குழியும்

விவிலியக் கதைகளைக் கொண்டு ஹொலிவூட் எடுத்த பெரும் படங்களைப் பற்றிப் பேச்செழுந்தால், எவரும் முதலிற் சொல்வது செங்கடல் பிளந்த காட்சியை, அடுத்தது தேரோட்டத்தை. கண்ணைப் பறிக்கும் காட்சிகள் அவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் யட்டவத்தையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நமது நெஞ்சில் நிலைத்தவை வேறு காட்சிகளே.

செசில் பி. டெமில் 1956இல் வெளியிட்ட ‘பத்துக் கட்டளைகள்’ படத்தில் கடல் பிளந்தது ஒரு தந்திரம். பெருந்தொட்டியினுள் நீரைக் கொட்டிப் படமெடுத்து, அச்சுருளைப் பின்னோக்கி ஓட்டினர். நீர் பிரிந்து வழிவிட்டது. இதனை வகுப்பிற் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தனர். அதே படத்தில் தந்திரம் வேண்டாத காட்சியொன்று உண்டு. செங்கல் அறுப்பதற்காக அடிமைகள் வைக்கோல் கலந்த சேற்றை மிதிக்கின்றனர். கிழவர் ஒருவர் தாக்குண்டு வீழ்கிறார். மோசே அவரைத் தாங்கிக்கொள்கிறார். விடுதலை தருபவனைக் கண்டபின்பே சாகவேண்டும் என்ற தம் வேண்டுதல் பலிக்கவில்லையே என ஏங்கியவாறு, தம்மை ஏந்தியிருப்பவர் யாரென அறியாமலே அவர் கண்மூடுகிறார்.

அக்கிழவரை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. இடையில் 55 ஆண்டுகள்! தாம் எந்நாட்டவர் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இன்றித் தேயிலைக்கும் றப்பருக்கும் உரமானோர் எத்தனை பேர்!

அதே மோசே, இளவரசராயிருந்த நாளில், அடிமைகளுக்குக் கோயில் தானியத்தையும் ஏழு நாளில் ஒருநாள் ஓய்வையும் அளிக்கிறார். வயிறு நிறைந்தவன் கூடுதலாகக் கல் அறுப்பான் என்பதே மன்னனுக்கு அவர் காட்டும் நியாயம். இது ‘நல்ல துரை’யின் கணக்கு. துரை நல்லவராயினும் கணக்கு துரையுடையதே அன்றோ! அவர் தாமே சேற்றுக்குழியில் இறங்கிய பின்னர்தான் விடுதலைக் கதை தொடங்குகிறது.

வில்லியம் வைலரின் ‘பென்ஹர்’ (1959) படத்தில், கப்பலின் அடித்தட்டிற் சங்கிலியால் பிணிக்கப்பட்டோர் துடுப்பு வலிக்கின்றனர். முரசின் அடிக்கேற்பக் கைகள் இயங்கவேண்டும். தளபதியின் கட்டளைதோறும் முரசு விரைகிறது. மூச்சுத் திணறி மனிதர் சாய்கின்றனர். விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்த தோட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தோருக்கு இம்முரசு புதிதன்று. காமன் கூத்தில் ஆடவைத்த தப்பே துரையின் கடிகாரமாகவும் ஆயிற்று.

எகிப்தைவிட்டு மக்கள் புறப்படும் காட்சிக்கு டெமில் அந்நாட்டு மக்களையே ஆயிரக்கணக்கில் நடக்கவைத்தார். கிழவரும் குழந்தைகளும் ஆடுமாடுகளுமாய் எழும் அப்பெருங்கூட்டம் படத்தின் சிகரம். நம் முன்னோரும் நடந்தனர். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு, காப்பித் தோட்டங்களைத் தேடி. காய்ச்சலும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. அவர்கள் நடந்தது அடிமைத்தனத்தைவிட்டு அன்று, அதனை நோக்கி. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. தலைமன்னார் செல்லும் ரயிலில் ஒரு மகனும் மேடையில் ஒரு தாயுமாய்க் கதறினர். அங்கே கடல் பிளக்கவில்லை, குடும்பங்களே பிளந்தன.

இவை பனிப்போர்க் காலத்து அமெரிக்கப் படங்கள் என்று நண்பர் சிலர் ஒதுக்குவர். தொடக்கத்தில் டெமில் தாமே திரைமுன் தோன்றிச் சர்வாதிகாரத்தைச் சாடுவது எவரைக் குறிவைத்தென்பது வெளிப்படை. எனினும், சேறு மிதிக்கும் கால்களைக் காட்டிவிட்டால், அவை யாருடையவை என்று முடிவுசெய்பவன் பார்ப்போனே. ஆகவே நம் மாணவரைச் சேற்றுக்குழியை உற்றுநோக்கச் சொல்கிறோம்.

தோட்டக் குடும்பங்களிற் பெருந்தொகையினர் இன்றும் சொந்தக் காணியின்றி லயன் அறைகளில் வாழ்கின்றனர். வாக்களிக்கப்பட்ட நாட்டை அவர்கள் கடலுக்கு அப்பால் தேடவேண்டியதில்லை. அவர்கள் மிதித்துப் பண்படுத்திய இம்மண்ணே அது. அதன் காணி உறுதிதான் இன்னும் கைக்கு வரவில்லை.