சீதையின் குரல் எங்கிருந்து வந்தது?

ஓர் அனிமேஷன் படத்தில் சீதை பாடுகிறாள். அகன்ற கண்கள், உடுக்கை இடை, உடலெங்கும் நகை. அவள் வாயிலிருந்து வருவதோ பழைய இசைத்தட்டின் கரகரப்போடு ஒலிக்கும் அமெரிக்க ஜாஸ் பாட்டு. மீட்டுவந்த மனைவியை ஏறெடுத்தும் பார்க்காமல் இராமன் முகம் திருப்பி நிற்க, அவள் தன் சிதையைத் தானே அடுக்கியபடி, ஏன் என்னை இப்படி வதைக்கிறாய் என்று கேட்கிறாள். அந்த ஆங்கிலப் பாட்டு சீதைக்கென்றே எழுதப்பட்டது போலப் பொருந்தி நின்றது. இந்த இரண்டையும் இணைத்தது யார், எது அவரை அப்படிச் செய்ய வைத்தது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் குரலைத் தேடினேன். அது அனெட் ஹான்ஷாவுடையது. 1901இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளில் எல்லாம் ஒலித்தவர். பாட்டை முடித்ததும் ‘தட்ஸ் ஆல்’ என்று குழந்தை போலச் சொல்லிவிட்டுப் போவது அவருடைய முத்திரை. 1930களிலேயே பாடுவதை நிறுத்திக்கொண்டார். 1985இல் மறையும்போது, தன் குரலை ஒரு நாள் சீதை எடுத்துக்கொள்வாள் என்று அவர் எண்ணியிருக்க வழியே இல்லை.

அந்தக் குரலைச் சீதைக்குத் தந்தவர் நீனா பேலி. 1968இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர். பத்திரிகைகளுக்குச் சித்திரத் தொடர்கள் வரைந்தவர். பெரிய ஸ்டுடியோ எதுவும் அவர் பின்னால் இல்லை. ‘சீதா சிங்ஸ் த ப்ளூஸ்’ என்ற 82 நிமிடப் படத்தை எழுதி, இயக்கி, வரைந்து, அசைவூட்டி, தொகுத்தவர் ஏறக்குறைய அவர் ஒருவரே. வீட்டுக் கணினியும் ஃப்ளாஷ் மென்பொருளுமே அவருடைய படப்பிடிப்புத் தளம்.

அவர் இராமாயணத்தைச் சந்தித்த இடம் திருவனந்தபுரம். கணவருக்கு அங்கே வேலை கிடைக்க, 2002இல் நீனாவும் போய்ச் சேர்ந்தார். அந்த ஊரில்தான் இராமாயணத்தைப் படிக்கத் தொடங்கினார். வேலை நிமித்தமாகச் சில நாள் நியூயார்க் போனவருக்குக் கணவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: திரும்பி வர வேண்டாம். வீடில்லாமல் நண்பர்கள் வீடுகளில் தங்கியிருந்தபோது, அவர்களில் ஒருவர் பழைய இசைத்தட்டுகள் சேகரிப்பவராக இருந்தார். ஹான்ஷாவின் குரலை நீனா கேட்டது அங்கேதான். குற்றம் ஏதும் செய்யாமல் கைவிடப்பட்ட காவிய நாயகி, காதலித்தவனாலேயே நோகும் பாட்டுக்காரி, மின்னஞ்சலில் விலக்கப்பட்ட மனைவி: மூவரும் அவருக்குள் ஒன்றானார்கள். ‘மீன் டு மீ’ என்ற பாட்டுக்குச் சீதையின் தீக்குளிப்பை முதலில் குறும்படமாகச் செய்தார். அது முழுநீளப் படமாக வளர ஐந்தாண்டு பிடித்தது. 2006இல் கூகன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. 2008 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதே ஆண்டு, அனிமேஷன் உலகம் பெரிதும் மதிக்கும் அன்னெசி விழாவில் சிறந்த படத்துக்கான விருதும் பெற்றது.

படத்துக்குள் பல கைகள் வரைந்தது போன்ற பல பாணிகள் இருக்கின்றன. உரையாடல்கள் இராஜபுத்திரச் சிற்றோவியங்களின் சாயலில் வருகின்றன. பாட்டுகள் வழவழப்பான வளைகோடுகளில். நீனாவின் சொந்தக் கதை நடுங்கும் கோட்டுச் சித்திரத்தில். நம் தியேட்டர்களைப் போலவே நடுவில் இடைவேளை உண்டு. கதாபாத்திரங்களே தின்பண்டம் வாங்க எழுந்து போகிறார்கள். கடைசியில் பாற்கடலில் இலட்சுமி சாய்ந்திருக்க, விஷ்ணு அவள் கால் பிடித்துவிடுகிறார். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த ஒரு சித்திரத்தில் படத்தின் வாதம் முழுவதும் விளங்கிவிடும்.

ஆனால் என்னை அதிகம் ஈர்த்தவர்கள் கதை சொல்லும் மூன்று நிழல்பாவைகள். அவற்றுக்குக் குரல் கொடுத்த அசீம் சாப்ரா, பாவனா நாகுலபள்ளி, மனீஷ் ஆச்சார்யா ஆகியோர் கையில் எழுதிய வசனம் எதுவும் இல்லை. சிறுவயதில் கேட்டதை நினைவிலிருந்து பேசுகிறார்கள். தேதியில் தடுமாறுகிறார்கள். இராவணன் பெரிய சிவபக்தனாயிற்றே என்கிறார்கள். நகையெல்லாம் துறந்து காட்டுக்கு வந்தவள் வழிநெடுக எந்த நகையைக் கழற்றிப் போட்டாள் என்று விவாதிக்கிறார்கள். அனுமனோடு அப்போதே கிளம்பியிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காதே என்று கேட்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணைகளில் இராமாயணம் இப்படித்தான் வாழ்ந்தது. பாலக்காட்டுப் பகுதியின் தோல்பாவைக்கூத்திலும் கம்பன் பாட்டு ஒன்றைத் தமிழில் பாடிவிட்டு, அதற்குக் கூத்தர்கள் நெடுநேரம் விளக்கம் பேசுவார்கள். கதையைக் கேள்வி கேட்பதும் கதை சொல்வதன் ஒரு பகுதியே.

சீதையின் பக்கம் நின்று கதை சொன்ன முதல் ஆளும் நீனா அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் வங்கத்தில் சந்திராவதி என்ற பெண் கவி இராமாயணத்தைச் சீதையின் துயரமாகப் பாடினார். ஆந்திரத்துப் பெண்களின் இராமாயணப் பாடல்களில் பட்டாபிஷேகத்தை விடப் பிரசவ வலிக்கே இடம் அதிகம். கம்பன் பட்டாபிஷேகத்தோடு முடித்துக்கொண்டான்; காட்டுக்கு அனுப்பப்பட்ட கர்ப்பிணியின் கதையை ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்கும் உத்தரகாண்டத்தில்தான் தமிழில் படிக்கிறோம். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ கதையில், சீதை தீக்குளித்தாள் என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். நீனாவின் படத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் வேர் எனக்குத் தெரிந்தது.

சில இந்து அமைப்புகள் படத்தை எதிர்த்தன. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நம் கதையில் என்ன உரிமை என்று வேறு பக்கத்திலிருந்தும் கேள்வி வந்தது. கேள்வி நியாயமானதுதான். பிறர் கதையை வேடிக்கைப் பொருளாக்கியவர்கள் உண்டு. நீனா அப்படிச் செய்யவில்லை. கதையில் தன் காயத்தை வைத்தார். கதையைச் சொல்லும் பொறுப்பை அதோடு வளர்ந்த மூவரிடம் விட்டார்.

உரிமை பற்றிய உண்மையான சண்டை இராமாயணத்தால் வரவில்லை, பாட்டுகளால் வந்தது. எண்பது ஆண்டு பழைய பாட்டுகளின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை வைத்திருந்த நிறுவனங்கள் முதலில் கேட்ட தொகை சுமார் 2,20,000 டாலர். பேரம் பேசி 50,000 டாலர் அளவுக்குக் குறைத்து, கடன் வாங்கிக் கட்டினார். அதன் பிறகு அவர் செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். 2009இல் படத்தை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2013இல் தன் உரிமை முழுவதையும் துறந்து, படத்தைப் பொதுவுடைமை ஆக்கினார்.

காவியம் நம்மிடம் வந்து சேர்ந்ததும் இந்த வழியில்தான். வால்மீகியிடம் கம்பன் அனுமதி கேட்கவில்லை. கம்பனிடம் கூத்தர்கள் கேட்கவில்லை. வேலி இல்லாததால்தான் கதை ஒவ்வொரு மொழியிலும் புதிதாகப் பிறந்தது. ஒருவர் தனியாக உழைத்துச் செய்த படத்தை அந்தப் பொதுநிலத்திலேயே திருப்பி வைத்திருக்கிறார் நீனா. 1929இல் வெளியான பாட்டுகளின் வரியும் மெட்டும் அமெரிக்கச் சட்டப்படி 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. நீனாவைப் பொறுத்தவரை இந்தப் படத்தை யாரும் வெட்டலாம், ஒட்டலாம், மொழிமாற்றலாம். ஒப்பாரியும் தாலாட்டும் பாடத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் சீதைக்குக் குரல் கொடுத்தால் அவள் என்ன சொல்வாள் என்று கேட்க ஆசைப்படுகிறேன். அனிமேஷன் கற்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைச் செய்ய வேண்டும்.