காணா உலகிற்கு ஒரு பொதுமொழி

பலர் கூடிச் செய்யும் காரியங்களுள் மிகக் கடினமானது ஒரு பொதுமொழியை வகுத்துக்கொள்ளுதலே என்று யாம் கருதுகின்றோம். பாபேல் கோபுரம் முற்றுப்பெறாது நின்றது செங்கல்லும் நிலக்கீலும் குறைந்தமையாலன்று. ஒருவர் பேச்சை மற்றவர் அறியாமையினாலேயாம். கணினித் துறையில் இவ்வுண்மையை விளக்கும் வரலாறொன்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

1994ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெனீவா நகரில் உலகளாவிய வலையைப் பற்றிய முதல் மகாநாடு கூடிற்று. அக்காலத்து வலையில் எழுத்தும் படமுமே பெரும்பாலும் காணப்பட்டன. ஏட்டைப்போலப் புரட்டும் அவ்வலையை, வீட்டைப்போல உட்புகுந்து உலாவும் இடமாகவும் ஆக்கலாகாதோ என்று சிலர் வினவினர். மார்க் பெஷி, டோனி பாரிசி என்னும் இருவர் அத்தகைய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினர். எழுத்துப் பக்கங்களுக்கு எச்.டி.எம்.எல். இருத்தல்போல, மெய்நிகர் உலகங்களுக்கும் ஒரு குறியீட்டு மொழி வேண்டுமென அங்குக் கூடியோர் துணிந்தனர். டேவ் ராகெட் என்பார் அதற்கு வி.ஆர்.எம்.எல். எனப் பெயர் சூட்டினார்.

மொழியை அடிமுதல் புதிதாய் ஆக்க அவர்கள் முற்படவில்லை. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தாரின் ஓப்பன் இன்வென்டர் என்னும் கோப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு, 1995இல் முதற்பதிப்பை முடித்தனர். அதில் கோளமும் பெட்டியும் ஒளியும் உண்டு. பிற பக்கங்களுக்குச் செல்லும் இணைப்பும் உண்டு. அசைவு மட்டும் இல்லை. அக்குறையை நீக்க 1996இல் ஆறு திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. வாக்கெடுப்பில் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் இரண்டாம் பதிப்பாயிற்று. தொட்டால் கதவு திறத்தலும், காலம் செல்லச் செல்ல உருவம் இடம்பெயர்தலும் அதனால் கைகூடின. 1997இல் அது ஐ.எஸ்.ஓ. 14772 என்னும் அனைத்துலக நியமமாயிற்று.

ஓர் அலகு ஒரு மீட்டர் என்றும், ஒய் அச்சு மேல்நோக்கியது என்றும் அந்நியமம் வரையறுத்தது. இவை அற்பமாய்த் தோன்றலாம். ஆயினும், ஒருவர் செய்த நாற்காலி மற்றொருவர் செய்த அறையில் தலைகீழாகாமலும் மலையளவு பெருகாமலும் நிற்பது இவ்வுடன்பாட்டினாலன்றோ?

இத்தகைய உடன்பாட்டின் அருமையை யாம் ஒரு நட்டத்தினால் உணர்ந்தோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் சிலரும் யாமும் நம் கல்லூரிச் சிற்றாலயத்தை அடியடியாய் அளந்து, தூணும் வளைவும் விளங்கக் கணினியில் உருவமைத்தோம். அதற்குக் கருவியாயிருந்த மென்பொருளைச் செய்த நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. அக்கோப்பைப் படிக்க வல்ல கருவி வேறொன்றும் எமக்குக் கிட்டவில்லை. உடனுழைத்தவருள் ஒருவர் இன்று உயிரோடில்லை. அவரது கைவேலை எம்மிடம் இருந்தும் காண்பதற்கில்லை.

வி.ஆர்.எம்.எல். கோப்போ வெறும் எழுத்தாலானது, இலக்கணமும் வெளிப்படையானது. கோளத்தின் ஆரமும் நிறமும் அதில் வரிவரியாய்ப் படிக்கக் கிடக்கின்றன.

எனினும் அம்மொழி எதிர்பார்த்தவாறு பரவவில்லை. விநாடிக்கு 28.8 கிலோபிட் கடத்தும் தொலைபேசி இணைப்பும், வலுக்குறைந்த கணினிகளும், தனியே நிறுவவேண்டிய துணைக்கருவியும் பெருந்தடைகளாயின. அதனை ஆதரித்த நிறுவனங்கள் சில அத்துறையை விட்டு விலகின. ஆயினும் நியமம் அவர்களோடு மறையவில்லை. அதன் வழித்தோன்றலான எக்ஸ்3டி 2004இல் அனைத்துலக நியமமாகிப் பழைய எழுத்து முறைக்கும் இடமளித்தது. 1997இல் எழுதிய உலகங்களை இன்றும் திறந்து காட்டும் இலவச மென்பொருள்கள் உள.

ஆதலின், மாணவ நண்பர்களே, நீவிர் நெடுநாள் உழைத்து ஒன்றை ஆக்கப் புகுமுன், கருவி அழிந்தபின்னும் பிறர் இதனைப் படிக்க இயலுமோ என்று கேட்டுக்கொள்ளுங்கள். நியமம் வகுப்போர் பெயரைப் பலர் அறியார்; அவர் கூட்டங்களில் சொல்லுக்குச் சொல் வாதமே மிகும். எனினும் அவ்வுழைப்பினால் காக்கப்படுவது, முன்பின் அறியாத பலருடைய கைவேலையாகும்.